எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 8, 1948) சென்னையில் மருத்துவம் பயின்று, ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வுப் பணிகள் செய்த இந்திய உயிர்வேதியியல் அறிஞர் ஆவார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏ.டி.பி. மூலக்கூற்றைச் சைரஸ் பிஸ்கே என்பவருடன் இணைந்து கண்டறிந்தார். பின்னர் லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தபோது, இவர் தலைமையின்கீழ் இயங்கிய குழுக்கள் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தன. புற்றுநோய்க்கான அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் ஆகிய மருந்துகளும், டெட்ராசைக்ளின் வகையின் முதல் நுண்ணுயிர் எதிர்ப்பியான ஆரியோமைசினும் அங்கிருந்தே வெளிவந்தன. இத்தனை மருந்துகளோடு தொடர்புடைய ஒருவரின் பெயர் அவர் பிறந்த நாட்டிலேயே பாடநூல்களுக்கு வெளியே அதிகம் அறியப்படாமல் இருப்பது வியப்புக்குரியது.

இளமை

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரில், தெலுங்கு பேசும் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவ்வூர் தற்போது ஆந்திரப் பிரதேசத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு பணியில் இருந்தவர். உடல்நலக் குறைவால் அவர் முன்னதாகவே பணியை விட நேர்ந்ததால் குடும்பம் வறுமையில் தள்ளாடியது. தாய் வெங்கம்மா.

பள்ளிப் படிப்பில் சுப்பாராவுக்கு நாட்டம் இருக்கவில்லை. பதின்மூன்று வயதளவில் வீட்டை விட்டு ஓடி, காசிக்குச் சென்று யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று புறப்பட்டார். தாயார் ஆள் அனுப்பி மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். அதன்பின் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு பயின்றார்.

இக்காலத்தில் துறவியாகி இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயின் இசைவு கிடைக்கவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்ய மருத்துவம் ஏற்ற வழி என்று மடத்தினரும் அறிவுரை கூற, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரிச் செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் உதவினர். 1919-இல் அவருடைய மகள் சேஷகிரியை மணந்தார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியைத் துறந்த சுப்பாராவ், அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். இது அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்பீல்டுக்குப் பிடிக்கவில்லை. இறுதித் தேர்வில் ஏனைய பாடங்களில் நன்றாகச் செய்திருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். என்னும் குறைந்த தகுதிச் சான்றிதழே இவருக்குக் கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றும் பயனில்லாமல் போயிற்று.

சகோதரர்களின் மறைவு

சுப்பாராவின் ஆய்வு வாழ்வைப் புரிந்துகொள்ள அவர் குடும்பத்தைத் தாக்கிய நோயொன்றை அறிந்துகொள்வது அவசியம். ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல் நோயில், குடல் உணவின் சத்துகளை உறிஞ்சும் திறனை இழக்கிறது. நோயாளி ஓயாத வயிற்றுப்போக்கினால் மெலிந்து, நாக்குப் புண்ணாகி, இரத்தம் குன்றி இறக்கிறார். சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் கிரகணி என்று வகைப்படுத்திய நோய்களுடன் இது ஒத்தது. சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர், புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும், குறுகிய இடைவெளியில் இந்நோய்க்குப் பலியாயினர். அன்றைய மேலை மருத்துவத்தில் இதற்குத் தக்க மருந்து கிடையாது.

சுப்பாராவையும் இந்நோய் தாக்கியது. சென்னையில் புகழ்பெற்ற ஆயுர்வேத மருத்துவரான ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் நலமடைந்தார். பின்னர் அவர் சார்ந்திருந்த ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மரபு மருந்துகளுக்குள் இருக்கும் செயற்படு பொருள் என்ன என்று வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்ற ஆர்வம் அங்குதான் உருவாயிற்று. அதற்கு வேண்டிய வசதிகள் சென்னையில் இருக்கவில்லை. ராக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணிக்காகச் சென்னை மாகாணத்துக்கு வந்திருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர், ஹார்வர்டுக்குச் செல்லுமாறு இவரை ஊக்குவித்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவி உறுதியானதும், மாமனார் திரட்டித் தந்த பணத்துடன் 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்தார்.

கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டுச் சென்ற சுப்பாராவ், சில ஆண்டுகளில் திரும்பிவிடும் எண்ணத்தில்தான் கப்பலேறினார். பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறையும் முன்பே தொற்றுநோயால் இறந்தது. தன் மகனை அவர் பார்க்கவே இல்லை. மனைவியையும் அதன்பின் சந்திக்கவில்லை.

ஹார்வர்டு: பிஸ்கே–சுப்பாராவ் முறை

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவப் பட்டயப் படிப்பில் சேர்ந்தபோது இவரிடம் கட்டணம் செலுத்தவும் போதிய பணம் இருக்கவில்லை. துறைத் தலைவர் ரிச்சர்டு ஸ்டிராங் உதவினார். இந்திய மருத்துவத் தகுதி அங்கு செல்லாது என்பதால் மருத்துவராகப் பணியாற்ற இயலவில்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவு நேரப் பணியாளாக நோயாளிகளின் சிறுநீர்க் கலங்களைத் துப்புரவு செய்து பிழைத்தார். பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கேயின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

1925-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் கணிக்கும் எளிய முறையொன்றை விளக்கியது. மாதிரியுடன் அமிலங்கலந்த மாலிப்டேட்டுக் கரைசலைச் சேர்த்தால் பாஸ்பேட்டு அதனுடன் கூடி ஒரு சேர்மம் ஆகிறது. ஒடுக்கும் பொருளொன்றைப் பின்னர் சேர்க்க, அச்சேர்மம் நீல நிறம் கொள்கிறது. பாஸ்பேட்டு எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு நீலம் அடர்த்தியாகும். அதை அளவறிந்த கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டால் போதும். பிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரில் இது உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் வழக்கிலிருந்தது. உயிர்வேதியியல் மாணவர்கள் பலர் சுப்பாராவ் என்ற பெயரை முதன்முதலில் அறிவது இதன் வழியாகத்தான்.

இந்த முறையே அடுத்த கண்டுபிடிப்புக்கும் வழி திறந்தது. தசைச் சாற்றில் பாஸ்பேட்டை அளந்தபோது நீல நிறம் ஒரேயடியாகத் தோன்றாமல் நேரம் செல்லச் செல்ல மெல்ல அடர்வதை அவர்கள் கண்டனர். பாஸ்பேட்டின் ஒரு பகுதி வேறேதோ ஒன்றுடன் தளர்வாகப் பிணைந்திருந்து, அமிலத்தில் சிறிது சிறிதாக விடுபடுகிறது என்பதே இதன் பொருள். பிழை என்று தள்ளிவிடக்கூடிய இந்தத் தாமதத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1927-இல் அச்சேர்மம் பாஸ்போகிரியேட்டின் என்று நிறுவினர். அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்டன் இணையரும் இப்பொருளைக் கண்டிருந்தனர். 1929-இல் பிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி.-யைப் பிரித்தனர். செருமனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டு தனியே இதைக் கண்டறிந்தார்.

தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமிலம் உருவாவதிலிருந்து கிடைக்கிறது என்பதே அன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இத்துறை ஆய்வுகளுக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவரும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். லாக்டிக் அமிலம் உருவாகாமலே தசை சுருங்க முடியும் என்றும், அப்போது பாஸ்போகிரியேட்டின் செலவாகிறது என்றும் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்டு 1930 அளவில் காட்டியபோது பழைய கொள்கை வீழ்ந்தது. தசை மட்டுமன்றி, மூளை நரம்பணுக்களும் ஏ.டி.பி.-யைக் கொண்டே இயங்குகின்றன. பாஸ்போகிரியேட்டின் அங்கும் சேமிப்பாக நிற்கிறது. சுப்பாராவ் 1930-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆயினும் அங்கு அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. கூட்டு ஆய்வில் தன் பங்கை முன்னிறுத்த அவர் முனையவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அதே துறையில் பயின்றவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்கிளியோட்டைடுகள் பிஸ்கேயின் போக்கினால் வெளிச்சத்துக்கு வரவில்லை என்றும், பிறர் அவற்றைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டறிய நேர்ந்தது என்றும் கருதினார். முப்பதுகளில் சுப்பாராவின் கவனம் கல்லீரல் சாற்றிலும் வைட்டமின்களிலும் திரும்பியது. 1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் அமெரிக்கன் சயனமிடு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

ஃபோலிக் அமிலம்

ஃபோலிக் அமிலத்தின் கதை உண்மையில் இந்தியாவில்தான் தொடங்குகிறது. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், அங்கு நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டுச் சாற்றிலுள்ள ஏதோ ஒரு பொருள் அதைக் குணமாக்குவதைக் கண்டார். அப்பொருள் எதுவென்று அப்போது தெரியவில்லை. 1941-இல் டெக்சாசு ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு நுண்ணுயிர் வளர்ச்சிக் காரணியைப் பிரித்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர்.

இயற்கை மூலங்களிலிருந்து கிடைத்த அளவு மிகச் சொற்பம். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுமானால் செயற்கையாகத் தயாரிப்பதே வழி. லெடர்லேயில் சுப்பாராவ் வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், விலங்கு ஆய்வாளர் ஆகியோரைக் கொண்ட பெரிய குழுவை இதில் ஈடுபடுத்தினார். 1945-இல் தயாரிப்பு வெற்றி பெற்றது. அதை அறிவித்த கட்டுரையில் 16 பேரின் பெயர்கள் இருந்தன. சுப்பாராவின் பெயர் அகரவரிசையில் அவற்றினூடே ஏழாவதாக நின்றது. இயக்குநர் என்ற முறையில் அதை முதலிலோ இறுதியிலோ தனித்துத் தெரியும்படி அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்க மருத்துவர் டாம் ஸ்பைஸ் இப்புதிய மருந்தை நோயாளிகளுக்கு அளித்துச் சோதித்தார். பெரிய சிவப்பணுக்கள் தோன்றும் வகையான இரத்தசோகை குணமாயிற்று. வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயாளிகளும் தேறினர். சுப்பாராவின் சகோதரர்கள் இறந்து அப்போது கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

எனினும் பெர்னீசியஸ் இரத்தசோகை எனப்படும் மற்றொரு நோயில் ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சீராக்கியதே தவிர, தண்டுவட நரம்புகளின் சிதைவைத் தடுக்கவில்லை. அதற்கு வேண்டியது வைட்டமின் பி12 என்பது 1948-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவ்வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டபின் தெளிவாயிற்று. பி12 குறைபாட்டை ஆராயாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுக்கக் கூடாது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தரப்படும் எச்சரிக்கை இதிலிருந்து வந்ததே.

கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்துடன் ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை வழங்குவது இந்தியாவில் அரசுத் திட்டமாக உள்ளது. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டுச் சிற்றூர்களிலும் கிராம சுகாதாரச் செவிலியர் கொண்டுவந்து தரும் மாத்திரை இதுவே.

புற்றுநோய் மருந்துகள்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியலாளர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த சேர்மங்களை அளித்துப் பார்த்தார். பலன் நேர்மாறாக இருந்தது: நோய் விரைந்து வளர்வதாகத் தோன்றியது. ஃபோலிக் அமிலம் புற்றணுக்களுக்குத் தீனியாகிறது என்றால், அதைத் தடுப்பது அவற்றைப் பட்டினி போடுமல்லவா என்ற எண்ணம் இதிலிருந்து எழுந்தது.

அதற்குரிய சேர்மங்கள் லெடர்லேயில் உருவாயின. ஃபோலிக் அமில மூலக்கூற்றில் ஓரிடத்தில் உள்ள ஆக்சிசன் தொகுதியை நீக்கி அமினோ தொகுதியை வைத்தால் அமினோப்டெரின் கிடைக்கும். அதனுடன் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் மெத்தோட்ரெக்சேட். உடலிலுள்ள நொதி இவற்றை உண்மையான வைட்டமின் என்று எண்ணிப் பற்றிக்கொள்கிறது, பின் விடுபட இயலாமல் செயலிழக்கிறது. டி.என்.ஏ.-வுக்குத் தேவையான கூறுகள் கிடைக்காமல், வேகமாகப் பெருகும் அணுக்கள் முதலில் மடிகின்றன. அமினோப்டெரினை முதலில் தயாரித்தவர் குழுவைச் சேர்ந்த பெண் வேதியியலாளர் டோரிஸ் சீகர். இம்மருந்துகளை சுப்பாராவ் தனியொருவராகக் கண்டுபிடித்தார் என்று எழுதப்படுவது சரியன்று. எந்த மூலக்கூற்றை, எதற்காகத் தேடுவது என்று முடிவு செய்ததும், பலதுறையினரை ஒருசேர இயக்கியதும் அவர் பணி.

1947 டிசம்பரில் ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்கு அளிக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியான அவர் அறிக்கையின்படி சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிவு தற்காலிகமானதே. நோய் சில மாதங்களில் திரும்பியது, நச்சு விளைவுகளும் கடுமையாக இருந்தன. ஆனால் அதுவரை கண்டறிந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைப் பறித்துவந்த நோய் ஒன்று, வேதிப்பொருளுக்குப் பணிந்தது. கூட்டு மருந்துகளால் இன்று பெரும்பாலான குழந்தைகள் குணமடையும் நிலைக்கு இட்டுச் சென்ற பாதை இங்குதான் தொடங்கியது.

1956-இல் மெத்தோட்ரெக்சேட்டால் கோரியோகார்சினோமா என்னும் சூல்வித்தகப் புற்றுநோய் குணமாக்கப்பட்டது. பரவிய திடப் புற்று ஒன்று மருந்தினால் மட்டுமே முழுதும் குணமானது அதுவே முதல்முறை. 1988-இல் முடக்குவாதத்துக்கான மருந்தாகவும் இது அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு, பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படுகிறது. ஒரே மருந்துச்சீட்டில் வரும் இந்த இரண்டும் ஒரே ஆய்வகத்தில், ஓரிரு ஆண்டு இடைவெளியில் தயாரானவை.

யானைக்கால் மருந்து

இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினரிடையே யானைக்கால் நோய்த்தொற்று பரவியது. அப்போதிருந்த ஆர்செனிக், ஆண்டிமனி மருந்துகள் நோயைப் போலவே ஆபத்தானவை. லெடர்லே குழு ஏராளமான சேர்மங்களைப் பருத்தி எலிகளின் உடலில் வாழும் ஒத்தவகைப் புழுவின்மீது சோதித்து, 1947-இல் டைஎத்தில்கார்பமசினைக் கண்டெடுத்தது. வாய்வழி உட்கொள்ளும் இம்மருந்து இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை அழிக்கிறது. வீங்கிய காலைப் பழைய நிலைக்குக் கொணர இதனால் இயலாது. ஆனால் இரத்தத்தில் நுண்புழு இல்லையேல் கொசு அதைப் பிறருக்குக் கடத்த முடியாது.

இந்தியாவில் இம்மருந்தின் பயன் பெரிது. 1980களில் காரைக்காலில் சமையல் உப்புடன் இதைக் கலந்து வழங்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 1996-இல் கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்கொருமுறை மக்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கும் முன்னோடித் திட்டம் நடந்தது. 2004 முதல் அது நோயுள்ள மாவட்டங்களுக்கெல்லாம் விரிந்தது. சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் மாத்திரையை விழுங்கிய தமிழ்நாட்டு மக்களில், அதன் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருந்ததை அறிந்தோர் மிகச் சிலரே.

ஆரியோமைசின்

பெனிசிலினுக்கும் ஸ்டிரெப்டோமைசினுக்கும் கட்டுப்படாத கிருமிகளை வெல்லும் மருந்தைத் தேடி, சுப்பாராவ் பல இடங்களிலிருந்து மண் மாதிரிகளைச் சேகரிக்கச் செய்தார். இப்பணியை, பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்று எழுபது வயதைக் கடந்திருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கரிடம் ஒப்படைத்தார். மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் பயிர் ஆய்வு வயல் ஒன்றின் மண்ணில் 1945-இல் கிடைத்த நுண்ணுயிரி பொன்மஞ்சள் நிறமான பொருளைச் சுரந்தது. அதுவே ஆரியோமைசின், பின்னாளில் குளோர்டெட்ராசைக்ளின் எனப்பட்டது. டைஃபஸ் வகைக் காய்ச்சல்கள் உட்பட மிகப் பலவகைக் கிருமிகளுக்கு எதிராக இது செயல்பட்டது. 1948 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த அறிவியல் கூட்டத்தில் இது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மேடையில் முன்னின்றவர் டக்கர். சுப்பாராவ் தன்னை முன்னிறுத்திக்கொள்ளவில்லை.

மறைவு

அந்த அறிவிப்புக்குச் சில வாரங்களே கழிந்த நிலையில், 1948 ஆகஸ்ட் 8ஆம் நாள் இரவு பேர்ல் ரிவர் இல்லத்தில் உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அமெரிக்காவில் கால் நூற்றாண்டு வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெறவில்லை. அவர் அங்கு வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் இந்தியர்கள் குடியுரிமை பெறச் சட்டம் இடம் தரவில்லை. 1946-இல் தடை நீங்கியபின்னும் அவர் அந்நடைமுறையை முடிக்கவில்லை.

நோபல் பரிசு உட்படப் பெரிய பரிசு எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. செய்தியாளர்களைத் தவிர்க்கும் இயல்பு, கண்டுபிடிப்புகளை உடன் பணியாற்றியோர் பெயரில் வெளியிட்ட வழக்கம், தொழில் நிறுவன ஆய்வகத்தில் பணி, இளவயது மரணம் ஆகிய அனைத்தும் இதற்குக் காரணமாயின. இந்தியாவிலும் நீண்டகாலம் கவனிப்பு இல்லை. எஸ். பி. கே. குப்தா என்ற இதழாளர் ஆவணங்களைத் தேடித் திரட்டி எழுதிய வாழ்க்கை வரலாறே பிற்காலத்தவருக்கு முதன்மை ஆதாரமாயிற்று. 2010-இல் வெளிவந்த சித்தார்த்த முகர்ஜியின் புற்றுநோய் வரலாற்று நூலும் ஃபார்பரின் கதையினூடே இவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

1995-இல் நூற்றாண்டை ஒட்டி இந்திய அஞ்சல் துறை இவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே, 1953-இல், ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசெஸ் என்று இவர் நினைவாகப் பெயரிடப்பட்டிருந்தது.